பாடம் சாரின் கை

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பாடம். நாய் குரைத்தாலும், லிஃப்ட் நடுவில் நின்றாலும், அவர் மனைவி டீயில் சர்க்கரை போட மறந்தாலும், தலைமைப் பண்புக்கு அதில் ஒரு பாடம் அவருக்குக் கிடைத்துவிடும். தினமும் காலையில் எங்களை வட்டமாக நிற்கவைத்து அதைச் சொல்வார். சில நாள் எங்களில் ஒருவரைச் சொல்லச் சொல்வார். பாடம் சொல்பவர் கடைசியில் ஒரு 'செயல்' கொடுக்க வேண்டும். மேனேஜர் உட்பட எல்லோரும் அதைச் செய்தே ஆக வேண்டும். கண்ணை மூடு, ஒற்றைக்காலில் நில், பக்கத்தில் இருப்பவரைப் பாராட்டு. பிறகு கைதட்டு. எனக்கு வேலையில் வரும் குமட்டலைவிட அந்த வட்டத்தில் வரும் குமட்டல் அதிகம்.

இத்தனைக்கும் என் வேலை ஒன்றும் மணக்கிற வேலை இல்லை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம் எங்களுடையது. மெஷினில் போடும் முன் பைகளை அவிழ்த்து மேசையில் கொட்டி, விரிப்பு தனி, தலையணை உறை தனி, மேலங்கி தனி என்று கையால் பிரிக்க வேண்டும். இரத்தம், சீழ், வாந்தி. மீதியையும் சொல்லி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. பிரிக்கும் அறை வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் பாடம் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. சென்ட் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "டீம், எப்படி இருக்கோம்?" என்று அங்கிருந்தே கேட்பார். வாயெல்லாம் சர்க்கரை, கையெல்லாம் கருணைக்கிழங்கு. தடிமனான கையுறை கேட்டு ஆறு மாதம் நடையாய் நடந்தோம். "இருக்கறதை வச்சு ஜெயிக்கறவன்தான் லீடர்" என்றார். இருந்தது, நகம் பட்டாலே கிழிகிற மெல்லிய உறை.

போன மாதம் என் நாத்தனார் விரலில் ஊசி குத்திவிட்டது. என் கணவரின் தங்கை. மேசையில் என் பக்கத்தில் நிற்பவள். சுருட்டிய விரிப்புக்குள் யாரோ விட்ட சிரிஞ்சு. அது யார் உடம்பில் ஏறியது, அவருக்கு என்ன நோய், ஒன்றும் தெரியாது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். இரத்தத்தை இப்போது ஒருமுறை, சில மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். மாத்திரை போட்ட நாளெல்லாம் வாந்தி எடுக்கிறாள். தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும் அந்த விரலை மடக்கியே வைத்திருக்கிறாள்.

மறுநாள் வட்டத்தில் பாடம் சார் பூரித்துப்போனார். "ஊசி குத்தினப்புறமும் அந்தப் பையை முடிச்சுட்டுத்தான் நம்ம சகோதரி போனாங்க. இதுதான் ஓனர்ஷிப்!"

பாதிப் பையில் மேசையைவிட்டுப் போனால் அரைநாள் சம்பளம் கிடையாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால்தான் அவள் முடித்துவிட்டுப் போனாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறான் மனுஷன், நாங்கள் அதற்கும் கைதட்டினோம்.

அதோடு விட்டாரா? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வரப்போகிறார். அவர் முன்னால் ஊசி கற்றுத் தந்த பாடத்தை நாத்தனாரே சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் அவளை லைன் லீடர் ஆக்குவேன் என்றார். லைன் லீடர் மேசையைத் தொட வேண்டாம்.

"முடியாதுன்னு சொல்லிட்டுத்தானே வந்தே?" என்று கேட்டேன்.

"சொல்றேன்னு ஒத்துக்கிட்டேன் அண்ணி."

"வெட்கமா இல்ல? உன் ரத்தத்தை அந்தாளு கதையாக்கி விக்கிறான். நீ போய் ஒத்து ஊதப்போறியா?"

"எனக்குப் புள்ளை இருக்கு அண்ணி. இன்னொரு ஊசியை என்னால தாங்க முடியாது."

அதற்குமேல் அவளோடு நான் பேசவில்லை. அவள்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

தலைமை நர்ஸ் வந்த காலையில் வட்டத்தின் நடுவில் நின்று நாத்தனார் ஒப்பித்தாள். அத்தனையும் பாடம் சாரின் வார்த்தைகள். "இந்த ஊசி எனக்குப் பொறுமையைக் கத்துக்கொடுத்துச்சு. வலிதான் வளர்ச்சி." அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப செயல்," என்றாள். "முதல்ல இறங்கறவர்தான் லீடர்னு சார் சொல்லியிருக்கார். வாங்க சார், எங்ககூட ஒரு பை பிரிங்க."

அவர் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் அதற்குள் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். இவருக்கும் வேறு வழியில்லை. நாங்கள் போடும் கையுறையை மாட்டிக்கொண்டு மேசைமுன் நின்றார். நான் ஒரு பையை அவிழ்த்துக் கொட்டினேன். பழுப்புக் கறையோடு ஒரு விரிப்புச் சுருட்டு உருண்டு அவர் முன்னால் நின்றது. கை பாதி தூரம் போனது. அப்புறம் போகவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியது போல் முழித்தார்.

"இதுக்குள்ள ஊசி ஏதாவது இருக்குமா?"

"தெரியாது சார்," என்றாள் நாத்தனார்.

"தெரியாம எப்படிம்மா கை வைக்கறது?"

நர்ஸ் ஒரு கையுறையை எடுத்து இரு விரலால் இழுத்தார். கிழிந்தது. அந்தச் சுருட்டை நாத்தனார்தான் பிரித்தாள். உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் பிறகு.

"சொன்னா நீங்க முகத்துலயே காட்டிக்கொடுத்திருப்பீங்க அண்ணி."

தடிமனான கையுறை வராமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நர்ஸ் போய்விட்டார். இரண்டே நாளில் கையுறை வந்தது. லைன் லீடர் வேலை பாடத்துக்கு டீ வாங்கித் தருபவனுக்குப் போனது.

இன்று காலை வட்டத்தில் பாடம் சார் தொண்டையைக் கனைத்தார். "லீடர்னா கேள்வி கேக்கத் தெரியணும். தெரியாம எப்படிக் கை வைக்கறதுன்னு அன்னைக்கு நான் ஒருத்தன் கேட்டேன். இன்னைக்கு எல்லார் கையிலயும் புதுக் கையுறை!"

எல்லோரும் புதுக் கையுறையோடு தொப் தொப்பென்று தட்டினார்கள். நானும்தான். நாத்தனார் மட்டும் தட்டவில்லை.

"தட்டுடி, பாக்கறார்," என்று கிசுகிசுத்தேன்.

"விரல் வலிக்குது அண்ணி."

குத்திய இடம் எப்போதோ ஆறிவிட்டது. இரண்டாவது சோதனைக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறது. நானும் கையைக் கீழே போட்டேன்.