பஞ்சலிங்கத்தாரின் எஞ்சினுக்கு மூச்சு வந்த கதை

இடக்கையில் பால் விடாத பிளேன்ரீக் கோப்பை. வலக்கையில் கொண்டையூசி. இவ்வளவுதான் ஆயுதம். இரண்டு மெக்கானிக்குகள் கைவிட்ட பதினைந்து குதிரைவலுப் படகு எஞ்சினை, பிளேன்ரீ ஆறுவதற்கு முன்னமே செல்வநாயகி ரீச்சர் ஓடவைத்தார். அது போட்ட சத்தத்தில் கடலேரிக்கு அந்தப் பக்கம் பூநகரியில் படுத்திருந்த மாடுகளெல்லாம் எழும்பி நின்றன.

நம்பமாட்டீர்கள். எஞ்சினின் சொந்தக்காரர் பஞ்சலிங்கத்தாரும் நம்பவில்லை.

ரீச்சருக்கு வயது ஐம்பத்தொன்று. அரியாலையில் இருபத்துநான்கு வருடம் முன்பள்ளி நடத்தியவர். பிள்ளைகள் குறைந்து குறைந்து, கடைசி வருடம் நாலு பிள்ளைகளும் ஒரு ஆட்டுக்குட்டியும்தான் மிச்சம். அதிலும் ஆட்டுக்குட்டிதான் ஒழுங்காக வந்தது. பள்ளியைப் பூட்டிய மறுகிழமையே ரீச்சர் படகு எஞ்சின் திருத்தும் பயிற்சிநெறிக்கு விண்ணப்பம் போட்டார். கரையில் எஞ்சின் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு பட்டினத்துக்கு ஓடி, நாட்கணக்காகக் காவல் கிடக்கிறார்கள். கிட்டவே ஒருவர் இருந்தால் என்ன? அந்த ஒருவர் தானாக இருந்தால் என்ன?

பயிற்சி நிலையத்தில் போதனாசிரியர் ஜெயசுதன். ஒருகாலத்தில் ரீச்சரிடம் அ, ஆ எழுதப் பழகியவன். ரீச்சர் வகுப்புக்குள் வந்தால் அவன்தான் முதலில் எழும்பி, “வணக்கம் ரீச்சர்” என்று இழுப்பான். மாணவர்கள் சிரித்த பிறகுதான், தான் படிப்பிக்க வந்தவன் என்ற ஞாபகம் வரும்.

ஒரு வருடத்தில் ரீச்சர் எல்லாம் படித்துவிட்டார். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, திரும்பப் பூட்டி, பொட்டும் வைத்துவிடுவார். ஆனால் சான்றிதழுக்கு இன்னும் ஒரு படி இருந்தது. தொழிலில் நிற்கிற படகின் எஞ்சின் ஒன்றைத் தனியே திருத்த வேண்டும். என்ன பழுது, எப்படித் தீர்ந்தது என்று படகுக்காரர் தன் கையாலேயே குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மற்ற மாணவர்களுக்கு அப்பா, சித்தப்பா, மாமா என்று ஆளுக்கொரு வள்ளம் இருந்தது. ரீச்சர் பிறந்தது உடுவிலில். உறவுக்காரர் எல்லோரிடமும் வெங்காயத் தோட்டம்தான் இருந்தது. கரையில் பதினொரு பேரைக் கேட்டுப் பார்த்தார். பதினொரு பேரும் மரியாதையாகத் தேத்தண்ணி தந்தார்கள். எஞ்சின் தரவில்லை.

வியாழக்கிழமை காலை, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பஞ்சலிங்கத்தார் தன் படகுக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார். ஆயுத பூசை முடிந்து நாலு நாள். அந்த நாலு நாளும் அவர் எஞ்சின் பத்து நிமிடம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

“அண்ணை, நான் ஒருக்காப் பாக்கட்டோ?”

“ரீச்சர், உது பாட்டுப் பாடி நித்திரையாக்கிற வேலையில்லை. பட்டினத்திலை இருந்து ரெண்டு மெக்கானிக்மார் வந்து பிளக் மாத்தி, காபரேற்றர் கழுவி, கடைசியா என்ரை சாதகத்தையும் கேட்டிட்டுப் போட்டாங்கள். நீங்கள் திருத்துறதோ? நடவாத காரியம்.”

“நிண்டாப் பிறகு என்ன செய்யிறனீங்கள்?”

“எண்ணெய் கிடக்கோ எண்டு தாங்கி மூடியைத் திறந்து பாப்பன். பிறகு ஸ்ராட் வரும். கொஞ்சத்தாலை திரும்பப் படுத்திடும்.”

“எங்கை, ஒருக்கா ஓடவிடுங்கோ.”

பஞ்சலிங்கத்தாரின் மனைவி தந்த பிளேன்ரீயோடு ரீச்சர் குந்தினார். எஞ்சின் ஓடியது. அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த பிளாஸ்ரிக் எண்ணெய்த் தாங்கியைப் பார்த்தார். அதன் வயிறு மெல்ல மெல்ல உள்ளே ஒட்டிக்கொண்டு போனது. இதே வயிற்றை ரீச்சர் இருபத்துநான்கு வருடம் பார்த்திருக்கிறார். ஜூஸ் பெட்டியைக் குழாயால் விடாமல் உறிஞ்சுகிற பிள்ளையின் கையில் பெட்டி இப்படித்தான் ஒட்டும். கொஞ்சம் காற்று விட்டால்தான் மிச்சம் வரும்.

எஞ்சின் நின்றது. ரீச்சர் தாங்கியின் மூடியைப் பார்த்தார். ஆயுத பூசைக்குப் பஞ்சலிங்கத்தார் எஞ்சினோடு சேர்த்துத் தாங்கிக்கும் சந்தனம் பூசியிருந்தார். மூடியில் காற்றுப் போகிற ஊசித்துளைக்கு மேலே, விரற்கடைத் தடிப்பில், சீமெந்துபோல அது இறுகிக் கிடந்தது.

கொண்டையூசியை உருவினார். ஒரு குத்து.

‘ஸ்ஸ்ஸ்’ என்று தாங்கி பெருமூச்சு விட்டது. வயிறு ‘டொக்’ என்று வெளியே வந்தது. “இப்பக் கயித்தை இழுங்கோ அண்ணை.”

எஞ்சின் பத்து நிமிடம் ஓடியது. இருபது, நாற்பது நிமிடம் ஓடியது. கரையில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். முந்நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர் குறிப்பேட்டை நீட்டினார். பஞ்சலிங்கத்தார் பேனையை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“காபரேற்றர் எண்டு போடுவமே, ரீச்சர்? சாமிக்கு வைச்ச சந்தனத்திலை பிழை சொல்லக்கூடாது.”

“சாமிக்கு ஒரு பொட்டுக் காணும், அண்ணை. நீங்கள் சுவருக்குப் பூசுற மாதிரியெல்லோ பூசியிருக்கிறியள்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பஞ்சலிங்கத்தாரின் காது சிவந்தது. “அப்ப நான் எழுதேல்லை” என்றார்.

நாளை வெள்ளி. காபரேற்றர் என்று ஒரு சொல் எழுதினால் சான்றிதழ் கையில்.

“பொய்யெண்டா வேண்டாம், அண்ணை. செய்யாத வேலைக்கு எனக்குச் சான்றிதழ் வேண்டாம்.” குறிப்பேட்டை வாங்கக் கையை நீட்டினார்.

பஞ்சலிங்கத்தார் கொடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், அவர் திருப்பிப் பார்த்த பார்வைக்குப் பிறகு எந்த மனிதனும் எழுதித்தான் ஆவான். படகின் முன்பக்க அணியத்தில் குறிப்பேட்டை வைத்து, ஒவ்வொரு சொல்லையும் கரைக்கே கேட்க வாசித்தபடி எழுதினார்.

“மூடித் துளை அடைபட்டிருந்தது. அடைத்தது நான். கண்டுபிடித்துத் திருத்தியது செல்வநாயகி ரீச்சர்.”

கையொப்பம் வைத்தார். பேனையை மூடினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, சங்கக் கூட்டத்தில் பேசுகிற குரலில் சொன்னார்:

“என்ன பாக்கிறியள்? ஓம், நடவாது எண்டனான். என்ரை கண்ணுக்கு முன்னாலை நடந்தது.”