நாலு மாடிச் சாரம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'இன்ச் டேப்'. நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். துறை அவரை விட்டதே தவிர டேப்பை அவர் விடவில்லை. எதிர்வீட்டு மரக்கிளை மதிலைத் தாண்டி எத்தனை அங்குலம் வந்திருக்கிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்டவரைக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராக்கியிருந்தார்கள். அந்தப் பதவிக்கு வேறு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குடியிருப்பில் பல காலமாக ஒரு சட்டம் இருந்தது. ஒரு மனை, ஒரு வீடு, ஒரு சமையலறை. மூன்றாம் தெருப் பேராசிரியர் மாடியில் ஓசைப்படாமல் பாத்திரம் கழுவும் தொட்டி வைத்தபோது, அது இரண்டாவது சமையலறைக்கு அடிப்போடும் வேலை என்று மனுப் போட்டு, தொட்டியைப் பெயர்த்தெடுக்க வைத்த புண்ணியவான் இவர்தான். பேராசிரியர் இன்றுவரை இவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறார்.

இந்த நிலையில் மாநகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. இனி ஒரு மனையில் நாலு மாடி வரை கட்டலாம், ஆறு வீடு வைக்கலாம், நகரத்துக்குள் வேலை செய்கிறவர்கள் கட்டுப்படியாகும் வாடகைக்கு நகரத்துக்குள்ளேயே குடியிருக்க இந்தத் திருத்தம், ஆட்சேபணை உள்ளவர்கள் சனிக்கிழமை நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொல்லலாம். அதைப் படித்து முடித்ததும் மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆறு சமையலறையா என்று தூணைப் பார்த்துக் கேட்டார்.

வீட்டுக்குள் அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. ஒரே மகள், அரசு மருத்துவமனையில் நர்ஸ். மருத்துவமனை இவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அவள் குடியிருப்பதோ இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில். கல்யாணமான புதிதில் அவளும் மாப்பிள்ளையும் இங்கேதான் இருந்தார்கள். மாப்பிள்ளையின் செருப்பு ஸ்டாண்டு வாசல் நிலையைத் தாண்டி மூன்று அங்குலம் துருத்திக்கொண்டிருந்தது. மாமனார் சாக்பீஸால் கோடு போட்டார். மாப்பிள்ளை நாற்பது நாள் பொறுத்தார், நாற்பத்தோராம் நாள் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பக்கத்தில் இருக்கலாம், ஆனால் ஒரே சமையலறை ஆகாது என்பது மாப்பிள்ளையின் கட்சி. குடியிருப்பில் தனி வீடு எடுக்க இருவர் சம்பளத்தையும் சேர்த்தாலும் போதாது. இப்போது மாப்பிள்ளைக்கு வெகுதூரத்து ஊரில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். போய்விட்டால் மகளையும் நாலு வயதுப் பேத்தியையும் வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும்.

"இந்த பஸ்காரங்க ஒழுங்கா ஓட்டினா அவ எதுக்குப் போகப்போறா?" என்பார் மனைவியிடம்.

சங்கக் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நாலு மாடி என்றால் என்ன உயரம், எவ்வளவு நிழல் விழும் என்று இவர் தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசியும் மூலை வீட்டம்மாவைத் தவிர ஒருவர் காதிலும் ஏறவில்லை. கண்ணால் கண்டால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று முடிவு கட்டினார். தன் வீட்டு முன்தோட்டத்திலேயே நாலு மாடி உயரத்துக்குச் சாரம் கட்டி, சுற்றிலும் நீலத் துணி போர்த்திவிடுவது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சாரம் கட்டுகிறவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, பெயின்ட் அடிக்கவா என்று கேட்டார்.

"இல்லப்பா. பயமுறுத்த."

சாரக்காரர் எத்தனையோ விதமான வீட்டுக்காரர்களைப் பார்த்தவர். மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் அதன் நிழல் அவர் கணக்குப் போட்டபடியே தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு விழுந்தது. ஜனங்கள் கொதித்தெழுவார்கள் என்று இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் பழவண்டிக்காரர் வண்டியை நிழலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பள்ளி வேன் டிரைவர் வேனை நிறுத்திவிட்டுச் சாவகாசமாகக் காலை நீட்டினார். பிறகு அழைப்பு மணி அடித்தது.

மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். எந்த மாடி காலியாக இருக்கிறது என்று கேட்டாள். இது வீடில்லை, வெறும் துணி, சட்டம் மாறினால் என்ன பயங்கரம் நடக்கும் என்று காட்டுவதற்காகக் கட்டியது என்று அவர் விளக்கினார்.

"அது இருக்கட்டும் சார், ரெண்டு ரூம் இருக்குமா?"

அவளை அனுப்பிவைப்பதற்குள் வேன் டிரைவர் வந்துவிட்டார். அடுத்து ரொட்டிக்கடை மாஸ்டர், பால்வாடி டீச்சர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கடைசியில், நாலு மாடி வந்தால் தீக்குளிப்பேன் என்று சங்கத்தில் சபதம் போட்ட மூலை வீட்டம்மாவே பின்வாசல் வழியாக வந்து, கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் தன் பையனுக்கு ஒன்று கிடைக்குமா என்று கிசுகிசுத்தார்.

துணிக்குக் குடி வருகிறேன் என்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அவருக்குத் தலை சுற்றியது. மனைவிதான், பெயரை எழுதிக்கொண்டால் போய்விடுவார்கள் என்று, அவருடைய பழைய அளவுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வந்தவர்களையெல்லாம் வரிசையாக எழுதினார். நாலு நாளில் இரண்டு பக்கம் நிரம்பியது. முதலில் சிடுசிடுத்தவருக்கு வெள்ளிக்கிழமை மூளையில் பொறி தட்டியது. சட்டத்தைத் திறந்துவிட்டால் எவ்வளவு கூட்டம் வந்து குவியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கருத்துக் கேட்புக் கூட்டம் மாநகராட்சி மண்டபத்தில். மேசைக்குப் பின்னால் திட்ட அதிகாரியம்மா, முன்னால் ஒரு மைக், ஆளுக்கு ஐந்து நிமிடம். இவர் மைக்கின் உயரத்தைச் சரிசெய்வதிலேயே ஒரு நிமிடம் போனது. பிறகு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். நம் குடியிருப்புக்குள் படையெடுத்து வரப்போகும் கூட்டம் இது, காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள் என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணு, மருந்துக்கடைப் பொண்ணு. ரெண்டு, பள்ளி வேன் டிரைவர்."

நம்ம வேன்காரரா, அவர் எங்கிருந்து வருகிறார் என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். விடியுமுன்னே கிளம்பினால்தான் வேனை எடுக்க முடியும் என்று இன்னொருவர் பதில் சொன்னார். ரொட்டிக்கடை மாஸ்டர் பெயர் வந்ததும் நல்ல மனுஷன் என்றது ஒரு குரல். படையெடுப்பு போகிற போக்கு இவருக்குப் பிடிக்கவில்லை. வேகத்தைக் கூட்டினார். வேகத்தில் எழுதியிருந்ததையெல்லாம் அப்படியே படித்தார்.

"பதினேழு, மூலை வீட்டம்மா மகன், வெளியில் சொல்ல வேண்டாம்."

மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூலை வீட்டம்மா முகத்தில் ஈயாடவில்லை. இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். இருபது, முப்பது, நாற்பது என்று வந்து கடைசிப் பெயரை எட்டினார்.

"நாற்பத்து மூணு. நர்ஸ், அரசு மருத்துவமனை. வீட்டுக்காரர், ஒரு பெண் குழந்தை. எந்த மாடியானாலும் சரி. சமையலறை தனியாக."

கீழே மனைவியின் கையெழுத்தில் இன்னும் இரண்டு சொல் இருந்தது. மைக்கை மறந்து அதையும் படித்தார்.

"அப்பா சம்மதித்தால்."

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். வியாழக்கிழமை இவர் சங்கத்துக்குப் போயிருந்த நேரத்தில் மகள் வந்திருக்கிறாள். பிறந்த வீட்டில் மற்றவர்களைப் போலவே மணி அடித்து, எல்லோருக்கும் பின்னால் நின்று அம்மாவை எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சாக்பீஸ் கோடு, பேராசிரியரின் தொட்டி எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தன. இத்தனை நாள் பஸ்காரனைத் திட்டினோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நேரம் முடிந்துவிட்டது, ஆட்சேபணை என்று எழுதிக்கொள்ளலாமா என்று அதிகாரியம்மா கேட்டார்.

"ஆட்சேபணை இருக்கு மேடம்," என்றார் இன்ச் டேப். "நாலு மாடின்னு எழுதியிருக்கீங்க, லிஃப்ட் பத்தி ஒரு வரி இல்ல. குழந்தையத் தூக்கிக்கிட்டு எப்படி ஏறுவாங்க? அதச் சேருங்க. மத்தபடி எனக்குச் சம்மதம்."

மூன்றாம் தெருப் பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். வஞ்சப் புகழ்ச்சியா என்று பார்த்தார்கள், இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரத்தைப் பிரிக்க ஆள் வந்தபோது, இன்ச் டேப் இரண்டாம் மாடி உயரத்தில் பலகை மேல் நின்று, நீலத் துணிக்குள் எதையோ அளந்துகொண்டிருந்தார். பிரிக்க வேண்டாம், இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று மேலிருந்தே சொல்லிவிட்டு மகளுக்குப் போன் போட்டார். சட்டம் எப்போது மாறும், எப்போது கட்டி முடியும் என்பதெல்லாம் அவருக்கும் தெரியாது.

"மாப்பிள்ளையோட செருப்பு ஸ்டாண்டு பதினஞ்சு இன்ச்சு, எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார். "உங்க வீட்டு வாசல்ல இருபத்து நாலு விட்டுடறேன். அந்த ஊருக்குப் பதில் எழுதிட்டாரா?"

மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"இன்னும் எழுதலப்பா."