அரியணையும் கோதுமைத் தட்டும்

நான்கு தடித்த பாகங்களில் தன் அக்காவைப் பழிவாங்கிவிட்ட விதோமிருக்கு, ஐந்தாம் பாகத்தில் அவளைக் கொல்வது மட்டும்தான் பாக்கி. கதையில் அவள் பெயர் ராணி மெர்க்லா. இளவரசன் வித்தோரனின் குலவிளக்கைத் திருடிக்கொண்டு போன பாதகி. வித்தோரனுக்குத் தோள்கள் மலைபோல இருக்கும். கறுப்புக் குதிரையில் வருவான். விதோமிருக்குத் தொப்பை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அவனுடைய காரின் கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது. இளவரசனுக்குத் தன் பெயரையே கொஞ்சம் வளைத்து வைத்தது சோம்பேறித்தனம் என்று அவனுக்கே தெரியும். ராணிக்கு அக்கா ரோசாந்தாவின் மூக்கை அப்படியே ஒட்டவைத்தது மட்டும் சோம்பேறித்தனம் இல்லை.

கடைசி அத்தியாயம் பக்கத்து இருக்கையில் இருந்தது. அதற்கு சீட் பெல்ட் வேறு போட்டுவிட்டிருந்தான்.

இன்று புனித லூக்காவின் நாள், அவர்கள் குடும்பத்தின் ஸ்லாவா, அதாவது குலப்புனிதரின் திருநாள். செர்பியாவில் ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. எனவே ரோசாந்தா வீட்டுக்குள் நுழைய வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் தோது. உறவுக்கூட்டம் நிறைந்திருக்கும்போது அவள் தலை உருளும் அத்தியாயத்தை உரக்கப் படிப்பது என்று திட்டம். இதை அவன் போர்த்தந்திரம் என்று நினைத்தான். கதையில் வேறு யாராவது செய்திருந்தால் கோழைத்தனம் என்று எழுதியிருப்பான்.

அப்பா இறந்தால் புனிதரின் படமும் ஸ்லாவாவும் மகனுக்குத்தான் வரவேண்டும். ரோசாந்தாவோ படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, வால்யேவோ பக்கம் தன் கணவன் வீட்டில் மாட்டிக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அந்தப் படத்தை மீட்பதற்காகத்தான் வித்தோரன் நான்கு பாகங்களாக ரத்தம் சிந்திக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்தது அக்கா கணவர் கோய்கோ.

"அடடே, இளவரசரா! குதிரைய எங்க கட்டினீங்க?"

"வாசல்லதான் மாமா. எண்ணெய் ஒழுகுது."

"வாங்க மாப்ளே. என் புனிதருக்கு ஒரு பன்னி, உங்க புனிதருக்கு ஒரு பன்னின்னு வருஷத்துக்கு ரெண்டு வெட்டுறேன். உங்க பங்கையும் வந்து தின்னுங்க."

ரோசாந்தா தட்டுடன் வந்தாள். வந்தவருக்கு வீட்டுக்காரர் முதலில் நீட்டும், சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்த வேகவைத்த கோதுமை. அவன் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். அப்பா வீட்டு ருசி. அழுகை முட்டியது, வந்த வேலை கெட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டான்.

"உட்காருங்க" என்றாள் அவள். வாடா போடா என்று பேசியவள் 'ங்க' போட்டதில் அவனுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. நல்ல நாற்காலியில் உட்காரவைத்து, சூப் ஊற்றினாள், ஊறுகாய் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்த சார்மா வைத்தாள். அந்நியருக்குச் செய்யும் உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை.

அவனால் பொறுக்க முடியவில்லை. "என் புத்தகம் படிச்சியா?"

"நாலும் படிச்சேன்."

"கோபம் வரலியா?"

"வராம? தம்பிக்கு விஷம் வெச்சேன்னு எழுதினே, போகட்டும். குழந்தைகளச் சிறையில போட்டேன்னு எழுதினே, அதுவும் போகட்டும். மூணாம் பாகத்து விருந்துல ராணி வெச்ச சார்மா வேகலைன்னு எழுதினே பாரு! என் சார்மாடா! இந்த ஊர்ல நான் தலைகாட்ட வேணாமா?"

மேசையே ஆமோதித்தது. அது அநியாயம் என்று கோய்கோ சார்மாவைக் கையில் தூக்கிக் காட்டினார்.

'டா' வந்துவிட்டது என்று உள்ளே ஒரு குஷி. ஆனாலும் பழி பழிதான். விதோமிர் தாள்களோடு எழுந்து தொண்டையைக் கனைத்தான். ராணியின் தலை உருண்டபோது யாரோ ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்கள். அவன் குரலை உயர்த்தினான். "குலவிளக்கை மீட்ட வித்தோரன், தன் குலத்தின் திருநாளில், மூதாதையர் அரியணையில் அமர்ந்தான். விருந்தினர் எல்லாரும் எழுந்து நின்றனர்!"

அத்தை மிலுன்காவுக்குப் புரையேறியது. "என்னது? ஸ்லாவா அன்னிக்கு வீட்டுக்காரன் உட்கார்ந்தானா? வந்தவங்க நின்னாங்களா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஸ்லாவா நாளில் உட்காரக் கூடாதவன் வீட்டுக்காரன் ஒருவன்தான். விருந்தாளிகள் போகும்வரை நின்று பரிமாற வேண்டும். இது செர்பியாவில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். நான்கு பாகங்களில் ஏழு ராஜ்யங்களின் சட்டதிட்டங்களை உண்டாக்கியவனுக்குத் தெரியாமல் போயிற்று.

"அப்பா உட்கார்ந்து நீ பாத்திருக்கியா?" என்றாள் ரோசாந்தா.

பார்த்ததில்லை. பளபளக்கும் காலணியும் கையில் பாட்டிலுமாக அப்பா சுவரோரம் நின்றதுதான் நினைவில் இருந்தது.

"அப்பா இறந்த வருஷம் ஸ்லாவாவுக்கு ஆளுங்க வந்து நம்ம வாசல்ல நின்னாங்க. நீ பெல்கிராடுல, புத்தகத் திருவிழாவுல கையெழுத்துப் போட்டுட்டு இருந்தே. மெழுகுவத்தி ஏத்த ஆள் இல்ல. அதான் படத்தத் தூக்கிட்டு வந்தேன். திருடலடா. நீ வந்து கேப்பேன்னு வெச்சிருந்தேன். நீ என்னடான்னா படை திரட்டிட்டு இருந்தே."

அவள் அடுத்தவர் கிண்ணத்தில் சூப் ஊற்றப் போனாள். அப்போதுதான் அவன் கவனித்தான்: வந்ததிலிருந்து அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை. கோய்கோ தன் புனிதர் இல்லை என்று சாவகாசமாகச் சாய்ந்திருக்க, அவள் மட்டும் வீங்கிய கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றாள்.

வாசல்மணி அடித்தது.

ரோசாந்தா கோதுமைத் தட்டைத் தம்பியின் கையில் வைத்தாள். அவனுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு, "அப்பாடா" என்று உட்கார்ந்தாள்.

"போய்த் திற."

அவன் போய்த் திறந்தான். வெளியே தொப்பியைக் கழற்றியபடி ஒரு கிழவர். தட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே."

"உள்ள வாங்க" என்று விதோமிர் தட்டை நீட்டினான்.

பிறகு உட்கார நேரமே இல்லை. சூப் ஊற்றினான், பாட்டில் திறந்தான், மிலுன்கா அத்தையிடம் திட்டு வாங்கினான். கடைசி அத்தியாயத்தின் மேல் யாரோ கொதிக்கும் சார்மாப் பானையை இறக்கி வைத்திருந்தார்கள். மேசை கருகிவிடாமல் இன்னும் இரண்டு தாளை எடுத்து அடியில் சொருகினான்.

சாயங்காலம் அக்காவின் நாற்காலி அருகே வந்து சுவரில் சாய்ந்தான்.

"அக்கா, கால் வலிக்குது."

"எனக்கும் வலிச்சுதுடா, இத்தன வருஷமா" என்றாள் ரோசாந்தா. எழுந்திருக்கவில்லை.