செயற்கைக்கோளுக்குப் பின்னால் சூரியன்

பகல் பதினொன்று முதல் ஒன்று வரை எங்கள் வானொலிக்குச் சொந்தக் குரல் கிடையாது. மொட்டைமாடியில் நிற்கும் வலை டிஷ் வானத்திலிருந்து எதை வாங்கித் தருகிறதோ, அதையே ஒலிபரப்புவோம். பல மாநிலங்களில் இருந்த சிறு சமுதாய வானொலிகள் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ராஜஸ்தானில் ஒரு நிலையம் ஆடு வளர்ப்பு பற்றிச் செய்த நிகழ்ச்சி அதில் ஏறி, புனே பக்கம் தேஹு ரோட்டில் எங்களிடம் இறங்கும். பெரும்பாலும் இந்திதான். ஆள் போதாத எங்கள் நிலையத்துக்கு அது பெரிய உதவி.

2008இல், இயற்பியல் பட்டம் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பஜாருக்குப் பின்னால், ஒரு பெண்கள் சங்கத்தின் மாடியில் இரண்டு அறைகள். ரிசீவரில் சிக்னல் அளவைக் கவனிக்க வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றி இறக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் சேர்ந்தேன்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பில் ராணுவ டிப்போவில் வேலை செய்கிறவர்களின் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பெரியவர்கள் கடையில் பேரம் பேசும் அளவுக்கு இந்தி பேசுவார்கள். தண்ணீர் நேரம் மாறியதை வானொலி மராத்தியில் வேகமாகச் சொன்னால், பாதி புரியாமல் பக்கத்து வீட்டில் போய்க் கேட்பார்கள். தமிழில் தினமும் கொஞ்ச நேரம் வேண்டும். இதை நிலையத்தின் தலைவர் வைஷாலியிடம் சொல்லப் பல நாட்கள் ஒத்திகை பார்த்தேன். அவரை எல்லோரும் தாயீ என்போம், மராத்தியில் அக்கா என்று அர்த்தம்.

"இடம் எங்க இருக்கு, அம்ருதா?" என்றார் இந்தியில். "காலையும் மாலையும் மராத்தி. பகல்ல நெட்வொர்க். தமிழ் போட்டா யாரு கேப்பாங்க?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு நடக்கும்போது, சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

மார்ச் தொடக்கத்தில் நெட்வொர்க்கிலிருந்து வழக்கமான எச்சரிக்கை வந்தது. வருடத்தில் இரண்டு முறை, சில நாட்கள், நண்பகலுக்குச் சற்று முன் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ரேடியோ அலைகளை வீசுகிறது. அந்த இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய சிக்னல் மூழ்கிவிடும். சில நிமிடங்கள் வெறும் இரைச்சல். பிறகு தானாகச் சரியாகிவிடும். அந்த நேரத்தில் ஒலிபரப்ப ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றது செய்தி. எங்களிடம் அதற்கென்றே ஒரு பஜன் சிடி இருந்தது.

இந்த முறை ஒத்திகை பார்க்கவில்லை. நேராகப் போய் நின்றேன்.

"தாயீ, அந்த நிமிஷங்களை எனக்குக் குடுங்க. தமிழ்ல போடறேன்."

அவர் சிரித்துவிட்டார். "சூரியன்கிட்டேயே ஸ்லாட் வாங்கிட்டியா? சரி. ஆனா ரெண்டு விஷயம். சிக்னல் திரும்பின உடனே நெட்வொர்க்குக்கு மாறணும். ஒரே ஒரு புகார் வந்தாலும் மறுநாள் பஜன்தான்."

பேச ஆள் வேண்டும். நான் பேசுவேன் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருக்கும் பவுன் அக்காவைக் கேட்டேன். கிளினிக்கில் ஆயா வேலை. தெருவில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

"எளுதிக் குடுத்தா படிக்கத் தெரியாது கண்ணு," என்றார். "வாயால சொல்லவா?"

"வாயாலதான் அக்கா சொல்லணும்."

முதல் நாள் சிக்னல் அளவு மெல்லச் சரிந்தது. இரைச்சல் எழுந்ததும் அதை இறக்கி, பவுன் அக்காவின் மைக்கை ஏற்றினேன். சொட்டு மருந்து என்றைக்குப் போடுகிறார்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ரேஷனில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறதா என்று தெளிவாகச் சொன்னார். நாளுக்கு நாள் இரைச்சல் நேரம் நீண்டது. பவுன் அக்காவுக்கும் தைரியம் கூடியது. மைக் அவருக்குத் தெருக்குழாயடி போல ஆகிவிட்டது.

நான்காவது நாள் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார்: "ஏ சரசா! உன் ஊட்டுக்குப் பின்னால கொழா ஒழுவினே கீது. தண்ணி வந்தா தெருவே சேறு. ஊட்டுக்காரர்கிட்ட சொல்லி ஒரு வாஷர் வாங்கியாறச் சொல்லு."

கை ஃபேடரில் இருந்தது. இறக்கியிருக்கலாம். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

நெட்வொர்க் திரும்பி, ராஜஸ்தான் ஆடுகள் வந்து கொஞ்ச நேரத்தில், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் வரிசையிலேயே இருக்கும் சரசா அக்கா மூச்சு வாங்க வந்து நின்றார். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடியே கேட்டார்: "யாரு இங்க பெரியவங்க?"

வைஷாலி தாயீ எழுந்தார். பவுன் அக்கா முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எங்கூட்டுக் கொழாயப் பத்தி ஊருக்கே சொல்ல இவ யாரு? வர்ற வழியில ஷேர் ஆட்டோ காசிம் நிறுத்திக் கேக்கறான், 'வாஷர் வாங்கிட்டியாக்கா'ன்னு! ஆட்டோல இருந்த அத்தனை பேரும் சிரிக்கறாங்க!"

"ஒழுவுதா இல்லியா, அதச் சொல்லு," என்றார் பவுன் அக்கா.

"நீ பேசாத!"

தாயீ என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

மொழிபெயர்க்க நான் மட்டுமே இருந்தேன். நிகழ்ச்சியைப் பாராட்டுகிறார் என்று சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன். ஆட்டோ, சிரிப்பு எல்லாம்.

தாயீ தலையசைத்தார். "அப்போ புகார். நாளைக்கு பஜன்."

இந்த முறை தலையாட்டவில்லை. "தாயீ, தமிழை யாரு கேப்பாங்கன்னு கேட்டீங்க. இவங்க கேட்டிருக்காங்க. காசிம் கேட்டிருக்கார், அவர் வண்டியில இருந்தவங்க எல்லாரும் கேட்டிருக்காங்க. பஜன் போட்டு இத்தனை நாள்ல யாராவது படியேறி வந்து சண்டை போட்டிருக்காங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் சரசா அக்கா என் தோளைத் தட்டினார். "இன்னா பேசிக்கிறீங்க? அவங்ககிட்ட சொல்லு. இவ பேசின அதே மைக்குல நானும் பதில் சொல்லணும்."

அதையும் மொழிபெயர்த்தேன். "நாளைக்கு அவங்க," என்றார் தாயீ. " அதோட முடிஞ்சது."

மறுநாள் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் கருவியின் நிழல் முந்தைய நாள் சரியாக மையத்தில் விழுந்தது. இன்று மையத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. சூரியன் விலகத் தொடங்கிவிட்டது. இரைச்சல் சீக்கிரம் முடிந்துவிடும். கீழே வந்து சரசா அக்காவிடம், "சுருக்கமா சொல்லுங்க," என்றேன்.

"என் மானம் போனது சுருக்கமாவா போச்சு?" என்றார்.

தாயீ எங்கள் பின்னால் வந்து நின்றார். மைக்கை ஏற்றினேன்.

"நான் சரசா பேசறேன். எங்கூட்டுக் கொழா ஒழுவினது நெசந்தான். வாஷர் போட்டாச்சு. அப்பவும் ஒழுவுது. பிளம்பர் வந்து பார்த்துட்டு, கொழா மேல தப்பு இல்ல, அடியில போற பைப்பு மூட்டே தேஞ்சு போச்சுன்னு சொன்னாரு. எங்க வரிசையில எல்லா வீட்டுக்கும் அதே பைப்புதான். பவுனு, உன் வீட்டுக்குந்தான். தனியா போய்ச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அதனால எல்லாரும் சேர்ந்து தண்ணி ஆபீஸுக்குப் போவலாம்…"

சிக்னல் அளவு ஏறிக்கொண்டிருந்தது. என் ஹெட்போனின் ஒரு காதில் இரைச்சல் தெளிந்து, இந்தியில் ஒரு பெண் பேசுவது கேட்டது. நெட்வொர்க் வந்துவிட்டது. தாயீயும் அளவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

எப்போது, எங்கே கூடுவது என்று சரசா அக்கா இன்னும் சொல்லவில்லை.

கையை ஃபேடரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"…புதன்கெழம காலைல, புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, ரயில்வே ஸ்டேஷன் வெளிய ஆட்டோ நிக்கற எடத்துக்கு வாங்க. காசிம் ரெண்டு ஆட்டோ ஏற்பாடு பண்ணித் தரணும். சிரிச்சான் இல்ல, அதுக்கு." மைக்கிலிருந்து முகத்தை விலக்கி என்னிடம் சொன்னார்: "அவ்ளோதான்."

அதன் பிறகே நெட்வொர்க்கை ஏற்றினேன்.

"சிக்னல் வந்தது தெரியலையா?" என்றார் தாயீ.

"தெரிஞ்சுது."

"நாளைக்குச் சூரியன் வராது."

"ஆமா. ஆனா இவங்க வருவாங்க." அங்கேயே நிறுத்தவில்லை. "நெட்வொர்க் நிகழ்ச்சியை வந்த நேரத்துலயே போடணும்னு யாரும் சொல்லலை, தாயீ. நாமதான் சுலபம்னு அப்படிச் செய்யறோம். இந்த வாரம் பூரா அதைக் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணிப் பார்த்துட்டேன். நாளையிலேருந்து இந்த நேரத்துல வர்றதைப் பிடிச்சு வெச்சு, சாயங்காலம் மராத்தி முடிஞ்சதும் போடறேன். அதுவரைக்கும் நான் இருக்கேன். இந்த நேரம் தமிழுக்கு வேணும்."

தாயீ சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் அன்றைய அட்டவணையைப் பார்த்தார். விரலால் நண்பகல் 'நெட்வொர்க்' கட்டத்தின் ஓரத்தைத் துடைத்தார். பிறகு சரசா அக்காவின் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார்:

"நாளைக்கு யார் வீட்டுக் குழாய்?"

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை.

"பவுனு வீட்டோடது," என்று சரசா அக்காவே, கடையில் பேரம் பேசும் இந்தியில் சொன்னார்.