கடைப் பன்னிரண்டு

எங்கள் ஊரில் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் அதிராம்பட்டினத்தில் பெண்ணைப் பெற்றவன் நகையைவிட அதிகமாகக் கவலைப்படுவது மாடியில் இருக்கும் ஓர் அறையைப் பற்றி. நிக்காஹுக்கு முன்னால் ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அந்த அறையைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் இல்லை. கதவைத் திறந்து மூடி, இழுப்பறையை இழுத்து, கட்டிலை ஆட்டிப் பார்ப்பார்கள். போன வருஷம் ஒரு வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் மணி பார்த்தார்களாம்.

என் மகள் மர்யமுக்கு அந்த நாள் வெள்ளிக்கிழமை. நான், அஹமது கபீர், இருபத்திரண்டு வருஷமாகப் பிளைவுட் கடை வைத்திருப்பவன். மற்றவர்களுக்கு அறைதான் சோதனை. எனக்கு அறைக்குள் நிற்கப்போகும் அலமாரி. ஊரில் பாதி வீட்டுச் சமையலறையில் இருப்பது என் கடைப் பலகை. என் மகள் அறையிலேயே தட்டு கழன்று விழுந்தால், சனிக்கிழமை கடையைத் திறந்து நான் யாரிடம் என்ன சொல்லி விற்பது?

போதாததற்கு நானாக ஒரு வம்பை இழுத்து வைத்திருந்தேன். மாடிப்படி குறுகல். செய்த அலமாரியை மேலே ஏற்ற முடியாது. பலகை பலகையாக ஏற்றி அறைக்குள்தான் பூட்ட வேண்டும். அதுவும் கனமில்லாத பலகையாக இருக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் சென்னை டீலர் ஒருவர் பாக்கெட் ஹோல் ஜிக் என்று ஒரு சாமானை என் தலையில் கட்டியிருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிடி. அதில் பலகையை மாட்டி டிரில்லை விட்டால் துளை சாய்வாக இறங்கும். அந்தத் துளைக்குள் ஸ்க்ரூ, சட்டைப் பையில் பேனா மாதிரி, தலை மறைய உட்கார்ந்துகொண்டு அடுத்த பலகையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆணி இல்லை, மூலைக்கு முட்டுக் கொடுக்கும் ரீப்பர் கட்டை இல்லை, வெளியே ஒன்றும் தெரியாது. நானோ, சம்பந்தி வீட்டுக்கே போன் போட்டு, “ஒரு ஆணி கண்ணுல பட்டா என் பேரை மாத்திக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். வியாபாரிக்கு வாய் முன்னால் போகும். சரக்கு பின்னால் வரும்.

ஆசாரி வீரையன் என்னோடு பதினைந்து வருஷப் பழக்கம். ஜிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மொதலாளி, இது எத்தனை எம்.எம்.முக்கு வைக்கணும்?”

“பன்னெண்டு.”

“பன்னெண்டா?”

“பன்னெண்டுதான் வீரையா. நம்ம கடைப் பலகைதானே, எனக்குத் தெரியாதா?”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஜிக்கைப் பன்னிரண்டில் வைத்தார். பெட்டியில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி பன்னிரண்டு எம்.எம். பலகைக்கு இருபத்தைந்து எம்.எம். ஸ்க்ரூ. பரீட்சை பார்க்க, மூலையில் கிடந்த ஒரு துண்டுப் பலகையை எடுத்தோம். மல்லிப்பட்டினத்துப் படகுக்காரர் ஒருவர் கேபினுக்காகக் கம்பெனியில் தனியாகச் சொல்லி வரவழைத்து, மிஞ்சியதை விட்டுப் போனது. அதிலும் 12 என்று அச்சிருந்தது. அதை இரண்டாக அறுத்து, துளைத்து, பூட்டி, நான் மேலே ஏறி நின்றேன். என் எடை எண்பத்தெட்டு. அசையவில்லை. இறங்கி வந்து, இந்த ஜிக்கை ஆசாரிகளிடம் எப்படிப் பேசி விற்பது என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை காலை மாடியில் அலமாரியைப் பூட்ட ஆரம்பித்தோம். முதல் தட்டில் இரண்டு ஸ்க்ரூ பிடித்தது. மூன்றாவது சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. இரண்டாவது தட்டில் ஸ்க்ரூ நன்றாக இறங்கியது. இவ்வளவு நன்றாக ஏன் இறங்குகிறது என்று பக்கப் பலகையின் வெளிப்புறத்தைத் தடவினேன். விரலில் ரத்தம். முனை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தட்டில் துளைக்கு எதிர்ப்புறம் பலகை வயிறு உப்பி, மேல் ஏடு விரிந்துவிட்டது.

“மெஷின் வேகம் ஜாஸ்தி” என்றார் வீரையன்.

வேகத்தைக் குறைத்தோம். ஸ்க்ரூ பாதியில் நின்றுவிட்டது. கையால் திருகினோம்; சுற்றியது.

“ஐப்பசி மழை. பலகை ஈரம் குடிச்சிருக்கும்.”

“ஈரம் குடிச்சா ஊதணும்லய்யா. ஸ்க்ரூ ஏன் வெளிய வருது?”

“ஊதுனாத்தான் வரும்.”

“ஊதுனா தடிமன் கூடும். கூடுனா உள்ளதானே இருக்கணும்?”

“அதுவும் சரிதான்” என்று அவர் இன்னொரு காரணத்துக்குப் போனார். ஸ்க்ரூவின் மரை நெருக்கமாம். நெருக்கமில்லாததைக் கடையிலிருந்து கொண்டு வந்தோம். அதுவும் வெளியே வந்தது, முன்னதைவிட முரட்டுத்தனமாக. இருபது எம்.எம். ஸ்க்ரூவுக்கு இறங்கினோம். வெளியே வரவில்லை. ஆனால் தட்டின் மேல் ஒரு தலையணையை வைத்ததும் தட்டு கையோடு வந்துவிட்டது.

சந்தேகம் தீர, கீழே போய்ப் படகுக்காரரின் துண்டை எடுத்து வந்து அதே ஜிக், அதே டிரில், அதே இருபத்தைந்து ஸ்க்ரூவில் பூட்டினோம். கல் மாதிரி நின்றது. உடனே அதே கையோடு அலமாரிப் பலகையில் போட்டோம். முனை வெளியே வந்தது. துண்டில் மறுபடி, நின்றது. அலமாரியில் மறுபடி, வந்தது. மதியத்துக்குள் துண்டில் ஏழு இணைப்பும் நின்று, அலமாரியில் ஏழும் கெட்டிருந்தன. ஏமாற்றுகிறவன் எதிரே நின்றால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். சின்ன வயசிலிருந்து மாமன்மார்கள் கடையில் வளர்ந்தவன். இங்கே எதிரே நின்றது ஒரு பலகை.

“யாராச்சும் கண்ணு வச்சுட்டாங்களா?” என்று கீழேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். அந்த நேரத்தில் அதுதான் கொஞ்சம் பொருத்தமான காரணமாகத் தெரிந்தது.

மர்யம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். சாயங்காலம் வந்து, தரையெல்லாம் துருவலும் நடுவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள்.

“வாப்பா, ரெண்டும் ஒரே பலகையா?”

“ரெண்டும் பன்னெண்டும்மா.”

“அதைக் கேக்கல. அளந்தீங்களா?”

“அளக்கிறதுக்கு என்ன இருக்கு? மேலயே போட்டிருக்கே.”

அவள் கீழே போய், தடிமன் அளக்கும் டிஜிட்டல் காலிப்பரை எடுத்து வந்தாள். என் கடைச் சாமான்தான், நான்தான் விற்கிறேன். லேத்துக்காரர்கள் வாங்குவார்கள். ஆனால் அதைப் பிளைவுட்டின் ஓரத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை. அவள் படகுத் துண்டில் வைத்தாள்: 12.0. அலமாரிப் பலகையில் வைத்தாள்: 10.1.

“வாப்பா, இதுலயும் பன்னெண்டுன்னு அச்சடிச்சிருக்கு. அதுலயும் பன்னெண்டுன்னு அச்சடிச்சிருக்கு.”

நான் அந்தக் கண்ணாடிக் கட்டத்தில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். கடைப் பன்னிரண்டு என்றால் பத்துச் சொச்சம். கடைப் பதினெட்டு என்றால் பதினாறு. டீலருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆசாரிக்குத் தெரியும். அதற்குத் தகுந்த மாதிரிதான் விலை பேசுவோம். யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. வாங்கும்போது நான் பத்து என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறேன். விற்கும்போது பத்து என்று நினைத்துக்கொண்டே பன்னிரண்டு என்று சொல்கிறேன். ஆனால் என் வீட்டுக்கென்று எடுத்தபோது நான் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அந்த எண்ணம் எனக்கு வரவே இல்லை. அச்சிட்டதை அப்படியே நம்பியிருக்கிறேன், கடைக்கு முதல் தடவையாக வந்த ஆள் மாதிரி.

வீரையன் பக்கம் திரும்பினேன். “உனக்குத் தெரியும்லய்யா?”

“தெரியும் மொதலாளி.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“பன்னெண்டான்னு ஒரு தரம் கேட்டேன்ல? பன்னெண்டுதான்னு அடிச்சுச் சொன்னீங்க. உங்க வீட்டுல நின்னுக்கிட்டு, உங்க சரக்கைப் பத்துன்னு உங்க மவளுக்கு முன்னாடி நான் எப்படிச் சொல்றது?”

“அப்ப இவ பள்ளிக்கூடத்துல இருந்தா.”

“அப்ப எனக்கும் குழப்பமா இருந்துச்சு. ஒருவேளை வீட்டுக்குன்னு நல்லதா எடுத்து வச்சிருக்கீங்களோன்னு.”

கடையில் நல்லது என்று தனியாக ஒன்று இல்லை. பட்டுக்கோட்டையில் இருக்கும் சக வியாபாரிக்குப் போன் போட்டு, நிஜப் பன்னிரண்டு இருக்கிறதா என்று கேட்டேன். “யாருக்கு, கோர்ட்டு கேசா?” என்றார். இல்லை, வீட்டுக்கு என்றேன். வெகுநேரம் சிரித்தார். அவரிடமும் இல்லை.

மர்யம்தான் தரையில் ஒரு காகிதத்தை வைத்துப் படம் போட்டாள். ஜிக்கில் பன்னிரண்டுக்குக் கீழே அளவு கிடையாது. ஆகவே ஜிக்குக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு எம்.எம். கனத்தில் எதையாவது சொருகினால் துளை பலகையின் நடுவில் வந்துவிடும். பக்கப் பலகையை இரண்டாகச் சேர்த்துப் பசை போட்டு ஒட்டினால் முனை வெளியே வராது. வீரையன் ஒரு மைக்காத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதையும் அளந்தாள்: 0.8.

“இது ஒரு எம்.எம்.மா வாப்பா?”

“கடை ஒண்ணு” என்றேன். அவள் மைக்காவின் மேல் காகிதம் ஒட்டிச் சரிக்கட்டினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அலமாரி நின்றது. ஐந்து தட்டிலும் அரிசி மூட்டையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஸ்க்ரூ எல்லாம் பிடித்தது. ஆனால் பார்வைக்கு ஒரு விசித்திரம்: பக்கம் இரண்டும் யானைக்கால் மாதிரி தடிமன், தட்டுகள் அப்பளம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, மாப்பிள்ளையின் தாயார் ரஹ்மத் நாச்சியா ஆறு பெண்களோடு வந்தார். அவர்கள் அறைக்குள், நான் வெளியே, வாசல் திரைக்கு இந்தப் பக்கம், மாடிப்படியின் மேற்படியில். கட்டில் ஆட்டப்படுவது கேட்டது. ஜன்னல் கொக்கிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு அலமாரிக் கதவு திறந்தது. யாரோ ஒரு தட்டை விரலால் சுண்டிப் பார்த்தார்கள்.

“காக்கா” என்று, எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட்டார் ரஹ்மத் நாச்சியா, திரைக்கு அந்தப் பக்கமிருந்து. “பக்கம் இம்புட்டு கனமா இருக்கு, தட்டு மெலிசா இருக்கே. இந்தத் தட்டு எத்தனை எம்.எம்.?”

பன்னிரண்டு என்று சொல்ல எனக்கு நாக்கைப் புரட்ட வேண்டியதுகூட இல்லை. அது தானாக வரும். ஆறு பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆறு வீட்டிலும் என் கடைப் பலகை. பத்து என்று சொன்னால் சனிக்கிழமை ஆறு வீட்டு ஆண்களும் ஸ்கேலோடு வருவார்கள். பன்னிரண்டு என்று சொன்னால், உள்ளே தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கு அது பத்துப் புள்ளி ஒன்று என்று தெரியும்.

“பத்து” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

உள்ளே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“பத்தா?” என்றார் ரஹ்மத் நாச்சியா. “நான் ஒம்பதரைன்னுல்ல நெனச்சேன். பரவால்ல, கூடவே இருக்கு.”

நான் திரையையே பார்த்தேன். திரையில் மயில் போட்டிருந்தது. அதைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

“நீங்க உள்ளதைச் சொன்னதால நானும் ஒண்ணு சொல்லிடுறேன் காக்கா. துபாய்ல புள்ளைக்கு மேனேஜர் வேலைன்னு சொன்னோம்ல?”

“ஆமா.”

“உங்க பலகை மாதிரி, அது கடைக் கணக்கு. மேனேஜருக்கு அடுத்தாப்புல.”

“நேரா அடுத்தாப்புலயா?”

“நடுவுல ரெண்டு பேரு இருக்காங்க.”

இதற்கு என்ன பதில் சொல்வது? சிரித்தால், ஒருவேளை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றால்? சிரிக்காவிட்டால், ஒருவேளை விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்றால்? கல்லாவில் உட்கார்ந்திருந்தால் எதிராளியின் கண்ணைப் பார்த்து முடிவு செய்வேன். மயில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மர்யமுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டேன்.

“நிச்சயத்தன்னைக்கே அவங்க போன்ல சொல்லிட்டாங்க வாப்பா” என்றது என் மகளின் குரல், சாவகாசமாக. ‘அவங்க’ என்றால் மாப்பிள்ளை.

உள்ளே ஏழு பெண்களும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். எட்டாவது குரல் மர்யமுடையது. எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அலமாரிக் கதவு மூடிய சத்தம் கேட்டது; பிறகு வளையல்கள், செருப்புகள், மல்லிகை வாசனை. எல்லோரும் என்னைத் தாண்டிக் கீழே சாப்பிடப் போனார்கள்.

வீரையன் படிக்குக் கீழே நின்றிருந்தார். “என்ன மொதலாளி சொன்னாங்க? அலமாரி பிடிச்சுதா?”

“பத்துன்னு சொல்லிட்டேன்யா.”

“ஐயையோ. அதுக்கு அவங்க?”

“நடுவுல ரெண்டு பேரு இருக்காங்களாம்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நல்ல வெயிலில் வந்தவனிடம் சொல்வது போல, “நீங்க கொஞ்சம் உக்காருங்க மொதலாளி” என்றார்.