மூன்றாவது சரணம்

"அந்தப் பாட்டு எப்படி வந்தது?" என்று யார் கேட்டாலும் குந்தோரோவிடம் ஒரே பதில்தான். கனவில் ஒரு பெண் ஆற்றங்கரையில் நின்று கவிதை சொன்னாள், அவன் எழுந்து கிட்டாரை எடுத்தான், அவ்வளவுதான். தொலைக்காட்சியில் சொல்லியிருக்கிறான், இலக்கிய விழாக்களில் சொல்லியிருக்கிறான். ஜகார்த்தாவில் ஒரு பேராசிரியர் கனவும் கவிதையும் பற்றி நீளமாகக் கட்டுரையே எழுதிவிட்டார், பாவம். இரண்டு சரணத்தோடு கனவு அறுந்துவிட்டது என்று சொல்லும்போது குந்தோரோ கண்ணை மூடிக்கொள்வான். அந்த இடத்தில் கூட்டம் உருகிவிடும்.

ஆகஸ்ட் சுதந்திர தினத்துக்கு யோக்யகர்த்தாவில் ஒரு பள்ளிக்கூடம் கவிதை வாசிப்புப் போட்டிக்கு அவனை நடுவராக அழைத்தது. அங்கே எல்லோருக்கும் அவன் 'பாக்' குந்தோரோ, அதாவது குந்தோரோ ஐயா. கவிதையைத் தானோ வீட்டில் ஒருவரோ எழுதியிருக்க வேண்டும். புத்தகத்திலிருந்தோ பாட்டிலிருந்தோ எடுத்தால் நீக்கம். பதினோரு பிள்ளைகள் கொடியையும் வீரர்களையும் பற்றித் தொண்டை கிழியக் கத்தி முடித்த பிறகு லாரஸ் என்ற பெண் மேடையேறினாள்.

"நதியே, என் பெயரைக் கழுவித் தா,
அழுக்கை நீயே வைத்துக்கொள்..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஏய், இது பாக் குந்தோரோ பாட்டுடி!"

"அவர் முன்னாடியே அவர் பாட்டா? என்னா தைரியம்!"

"பாடிடு லாரஸ், நாங்க ஆடுறோம்!"

லாரஸ் நிறுத்தவில்லை. காது சிவக்கச் சிவக்க இரண்டாவது சரணத்தையும் முடித்து அடுத்ததற்குப் போனாள்.

"கரையில் காயும் பெயரை
அம்மா வந்து மடித்து வைப்பாள்."

அந்த வரிகள் குந்தோரோவின் பாட்டில் இல்லை. கனவு எப்படி அறுந்தது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்பு அவன் கல்யாண வீடுகளில் இரவெல்லாம் பாடிவிட்டுப் பகலில் தூங்குகிறவன். அவன் வாடகை அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெறும் ஒட்டுப்பலகைதான். அந்தப் பக்கம் வினார்சி என்ற மாணவி இதே மாதிரி ஒரு போட்டிக்காகத் தன் கவிதையை நாள் முழுக்க உரக்க வாசித்துப் பழகுவாள். ஒரு மதியம் தூக்கம் கலைந்த எரிச்சலில் அவன் பலகையை ஓங்கிக் குத்தினான். குரல் இரண்டாவது சரணத்தோடு நின்றது. தூக்கத்தில் கேட்ட அந்தக் குரலைக் கனவு என்று முதல் வருஷம் உண்மையாகவே நம்பினான். பாட்டு ஊரெல்லாம் ஓடிய பிறகு சந்தேகம் வந்தபோதெல்லாம் அதை விரட்டிவிட்டான்.

"யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்றார் தலைமையாசிரியர் திர்தோ.

"எங்கம்மா, பாக். வினார்சி. நம்ம கேன்டீன்ல சோறு போடுறாங்களே, அவங்கதான்."

மறுபடி சிரிப்பு. திர்தோ மைக்கைக் குந்தோரோ பக்கம் தள்ளினார். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க பாக். உங்களோடதுதானே?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அவன் சிரித்தான்.

"சின்னப் பொண்ணு. திட்டாதீங்க, விட்டுடுங்க."

என்ன பெருந்தன்மை! அரங்கமே கைதட்டியது. திர்தோ லாரஸின் பெயரை அடித்தார். குந்தோரோவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கைதட்டலுக்குத் தலையை ஆட்டினான், பழக்கதோஷம்.

சாப்பாட்டு நேரத்தில் லாரஸ் அவனைத் தேடி வந்தாள். அழுது முகம் கழுவியிருந்தாள்.

"அம்மா மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க, பாக். ரேடியோவுல கேட்டுக் கேட்டு, தானே எழுதினதுன்னு நெனச்சிட்டாங்களாம். வெக்கமா இருக்குன்னு அவங்க வரல."

குந்தோரோ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அந்த மூணாவது சரணம் மட்டும் உங்க பாட்டுல இல்லையாமே. அத அவங்க வெச்சுக்கலாமான்னு கேக்கச் சொன்னாங்க."

"வெச்சுக்கட்டும்," என்றான் அவன்.

லாரஸின் முகம் மலர்ந்தது. பெரியவர்களுக்குச் செய்வதுபோல அவன் வலக்கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை.