சாகாத எலியும் காலியாகாத நாற்காலியும்

மனித வரலாற்றின் ஆகப் பெரிய விஞ்ஞானக் கண்டுபிடிப்பு, ஒரு பழைய ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், "கழிவு – தொடாதே" என்று சீட்டு ஒட்டிய கறுப்புக் குடுவைக்குள் பல மாதம் கிடந்தது. சீட்டை ஒட்டியது வேறு யாருமில்லை, கண்டுபிடித்தவரேதான்.

அவர் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் துணை இயக்குநர். 'துணை' அவரோடு ஒட்டிக்கொண்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, சுரண்டினாலும் வரவில்லை. காரணம், இயக்குநர். ஊழியர்கள் இயக்குநருக்கு வைத்திருந்த பெயர் 'நிரந்தரம்'. ஓய்வுபெறும் வயது தாண்டியும் இரண்டு முறை பணி நீட்டிப்பு வாங்கி, நாற்காலியோடு நாற்காலியாக ஆகிப்போன மனிதர். அவருடைய பிறந்தநாளுக்கெல்லாம் முதல் ஆளாகக் கேக்கோடு போய் நிற்பது துணை இயக்குநர்தான். "நூறு வயசு நல்லா இருக்கணும் சார்" என்பார் வாய் நிறைய. அப்பாடா, ஒரு வருடம் ஒழிந்தது என்பார் மனசுக்குள்.

கண்டுபிடிப்பு நடந்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு நீண்ட விடுமுறைக்கு முன் அவர் கழுவாமல் விட்டுப்போன கண்ணாடித் தட்டில் என்னவோ ஒரு பூஞ்சை பூத்திருந்தது. சோம்பேறித்தனம் என்று எழுதினால் நன்றாக இருக்காது என்பதால் 'நீடித்த வளர்ப்பு முறை' என்று குறித்துக்கொண்டார். அதை ஒரு குடுவையில் வளர்த்து, அதன் சாற்றைச் சாகக் கிடந்த நான்கு எலிகளுக்குக் கொடுத்தார். வேறு பாத்திரத்துக்கு மாற்றிப் பார்த்தபோதெல்லாம் அந்தப் பூஞ்சை வளர மறுத்தது. இருந்தது அந்த ஒரே குடுவைதான்.

எலிகளைப் பார்த்துக்கொண்டவள் அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. சொந்த மூளையால் வேலைக்கு வந்தவள். ஆனாலும் தான்தான் வாங்கிக்கொடுத்ததாக அவர் வீட்டில் சொல்லிக்கொள்வார், அவளும் போனால் போகிறது என்று விட்டுவிடுவாள்.

"மாமா, இங்க ஓடி வாங்களேன்! தாத்தா என்ன பண்றாருன்னு பாருங்க!"

தாத்தா என்பது கிழட்டு எலி. போன மாதம் முடி கொட்டி, கண் பூத்து, ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. இப்போது மினுமினுவென்று கறுப்பு முடியோடு சக்கரத்தில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்துக் கூண்டில் ஆறு குட்டிகளுக்கு அப்பாவாகவும் ஆகியிருந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூப்பு ஒழிந்தது! நெருப்பென்ன, சக்கரமென்ன, மின்சாரமென்ன, எல்லாம் இனி இதற்குப் பின்னால்தான். மச்சினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி குதித்தார். அந்த ஒரு நிமிடம் அவர் உண்மையான விஞ்ஞானியாக இருந்தார் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நிரந்தரம் வந்தார். இடுப்பில் ஒரு கை, மூச்சு வாங்கல்.

"மூணாவது தடவையும் நீட்டிப்புக் கேட்கலாம்னுதான் நெனச்சேன். உடம்பு ஒத்துழைக்கலய்யா. அடுத்த வருஷத்தோட போதும். ஆமா, உன் எலிங்க எப்படி இருக்கு?"

துணை இயக்குநர் நகர்ந்து கூண்டை மறைத்துக்கொண்டார்.

"செத்துப் போச்சு சார். வயசாயிடுச்சு, என்ன பண்றது."

"அது என்ன சத்தம் கடகடன்னு?"

"ஃபேன் சார்."

நிரந்தரம் தலையாட்டிவிட்டு இடுப்பைப் பிடித்தபடி போனார். மச்சினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன மாமா இப்படி புளுகிட்டீங்க?"

"யோசிச்சுப் பாரும்மா. இதை முதல்ல குடிக்கப் போறது யாரு? அந்த ஆளுதான். குடிச்சுட்டு இன்னும் இருநூறு வருஷம் அங்கேயே உக்காந்திருப்பாரு. ஒரே வருஷம். அவரு கிளம்பட்டும், மறுநாளே உலகத்துக்குச் சொல்லிடலாம்."

மனித குலம் ஆதிகாலத்திலிருந்து செத்துக்கொண்டுதான் இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் செத்தால் குடியா முழுகிவிடும்? எலிகள் இறந்ததாக அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூண்டு சாமான் அறைக்குப் போனது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவர் அந்தப் பக்கமே போவதில்லை. குடுவையில் சீட்டு ஏறியது. வீட்டில் மனைவி, இயக்குநர் பங்களாவின் ஜன்னலுக்கு நீலத் திரையா பச்சைத் திரையா என்ற ஆராய்ச்சியில் இறங்கினாள்.

இதற்கு நடுவில்தான் மாமனார் படுத்த படுக்கையானார். அவர் மகள் வீட்டில்தான் இருந்தார். வேலை வெட்டி இல்லாத பையன் என்று ஊரே சிரித்தபோது நம்பிப் பெண் கொடுத்த மனிதர். அவர் மேல் மருமகனுக்கு உயிர். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார்.

ஆய்வுக்கூடத்தில் மச்சினி கேட்டாள். "அப்பாவுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்ப்போமா மாமா?"

அவர் ஃப்ரிட்ஜ் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கொடுத்துவிடலாம்தான். ஆனால் படுக்கையில் கிடந்த கிழவர் எழுந்து தெருவில் விறுவிறுவென்று நடந்தால் நாலு பேர் கேட்பார்கள். நாலு பேர் கேட்டால் நிரந்தரம் காதுக்குப் போகும்.

"சரியா சோதிக்காம மனுஷனுக்குக் கொடுக்கக் கூடாதும்மா. விஞ்ஞானத்துக்குன்னு ஒரு நெறி இருக்கு."

நெறி என்ற சொல் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. மச்சினி அவரையே பார்த்தாள். பிறகு கேட்கவில்லை.

சில வாரத்தில் மாமனார் போய்விட்டார். துக்கம் விசாரிக்க நிரந்தரமே கைத்தடியோடு வந்து, "எப்படிய்யா?" என்று கேட்டார்.

"வயசாயிடுச்சு சார், என்ன பண்றது" என்றார் மருமகன். சொன்னபோது நிஜமாகவே அழுதார். சுவரோரம் உட்கார்ந்திருந்த மச்சினி தலை நிமிர்ந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

அடுத்த வருடம் நிரந்தரம் ஒருவழியாக மாலையும் கையுமாக வீடு போய்ச் சேர்ந்தார். நாற்காலி இவருக்கு வந்தது, துணைப் பதவி மச்சினிக்கு. உட்கார்ந்த பிறகுதான் முழங்கால் வலி தெரிந்தது, சர்க்கரையும் கூடியிருந்தது. மனைவி பச்சைத் திரையைத் தொங்கவிட்ட கையோடு, "உங்களுக்கும் ரிட்டயர்மென்ட் ரொம்ப தூரத்துல இல்லைங்க" என்று ஞாபகப்படுத்தினாள்.

அதே மாதம் அவருடைய பிறந்தநாள் வந்தது. உலகத்துக்கு அறிவிக்க அதைவிட நல்ல நாள் எது? மச்சினி கேக்கோடு அறைக்குள் வந்தாள்.

"அந்தக் குடுவையை எடுத்துட்டு வாம்மா. பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லிட்டேன்."

"எந்தக் குடுவை மாமா? அதை அப்பா போன மறுநாளே சிங்க்ல ஊத்திட்டேனே."

"விளையாடாதே. நேத்துகூட ஃப்ரிட்ஜ்ல பார்த்தேன்!"

"அது குழாய்த் தண்ணி. கழிவுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருந்தீங்க?"

அவர் சாமான் அறைப் பக்கம் கை காட்டினார். "தாத்தா?"

"சாறு நின்னதும் அவரும் போயிட்டாரு. வயசாயிடுச்சு, என்ன பண்றது."

கத்த வாயைத் திறந்தார். எதைச் சொல்லிக் கத்துவது? எலிகள் எப்போதோ செத்துவிட்டதாக அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வெளியே பத்திரிகைக்காரர்களின் செருப்புச் சத்தம் கேட்டது.

மச்சினி மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, கத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

"நூறு வயசு நல்லா இருக்கணும் சார்" என்றாள்.

தனியாக இருக்கும்போது அவள் அவரை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.